தனக்குத் தானே மன்னிப்பு குடுத்துக்கலாமா

கண்ணு,

அமெரிக்க பிரசிடென்ட் தான் பண்ண குற்றத்துக்கு தன்னைத் தானே மன்னிச்சுக்க முடியுமான்னு கேட்டியே, போன்ல பாதிலயே லைன் கட்டாயிடுச்சு, அதான் எழுதறேன்.

அமெரிக்க அரசியல் சாசனத்துல இருக்கறது ஒரு வரிதான். ஃபெடரல் குற்றத்துக்கு, அதாவது மத்திய அரசு சட்டத்த மீறின குற்றத்துக்கு, பிரசிடென்ட் மன்னிப்பு குடுக்கலாம். இம்பீச்மென்ட்டுக்கு மட்டும், அதாவது பதவில இருக்கறவர நீக்க நாடாளுமன்றம் எடுக்கற நடவடிக்கைக்கு மட்டும், முடியாது. தனக்கே குடுத்துக்கலாம்னும் இல்ல கூடாதுன்னும் இல்ல. யாரும் இதுவரைக்கும் அப்படி பண்ணாததால சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பு சொன்னதில்ல. 2018ல டிரம்ப் எனக்கு அந்த உரிமை முழுசா இருக்குன்னு ட்விட்டர்ல போட்டாரு, அதோட சரி.

என்னைக் கேட்டா முடியாதுதான். 1787ல சாசனம் எழுத சபை உக்காந்தப்பவே எட்மண்ட் ராண்டால்ஃப்னு ஒரு உறுப்பினர் கேட்டிருக்காரு, பிரசிடென்ட்டே துரோகியா இருந்தா என்ன பண்றது, தேசத்துரோகத்த மட்டுமாவது இந்த அதிகாரத்துல இருந்து எடுத்துடுங்கன்னு. அதுக்கு இன்னொரு உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன், பிரசிடென்ட்டே குற்றவாளின்னா இம்பீச் பண்ணி கேஸ் போடலாமேன்னு சொன்னாரு. நல்லா யோசிச்சுப் பாரு கண்ணு, தனக்கே மன்னிப்பு எழுதிக்கலாம்னா அந்த பதிலுக்கு அர்த்தமே இல்லையே, கேஸ் போடறதுக்கு முன்னாடியே கையெழுத்து போட்டு முடிச்சுடுவாரே, அந்த பதில நம்பித்தானே சபையும் ராண்டால்ஃப் கேட்டத தள்ளிட்டு அதிகாரத்த அப்படியே விட்டுச்சு!

அப்புறம் 1974. வாட்டர்கேட் ஊழல்ல அப்போ பிரசிடென்ட்டா இருந்த நிக்சன் மாட்டினப்போ ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்ல மேரி லாட்டன்னு ஒரு அம்மா ஆகஸ்ட் 5ம் தேதி ஒரு குறிப்பு எழுதினாங்க, தன் வழக்குக்கு தானே நீதிபதியா இருக்க முடியாது, அதனால இது செல்லாதுன்னு. நாலே நாள்ல நிக்சன் ராஜினாமா, செப்டம்பர் 8ல அடுத்து பிரசிடென்ட் ஆன ஃபோர்டு அவருக்கு மன்னிப்பு குடுத்துட்டாரு.

ஆனா அதே குறிப்புல ஒரு சந்தும் இருக்கு, அதுதான் என்னை ரொம்ப உறுத்துது. 25வது திருத்தத்தின்படி தற்காலிகமா என்னால வேலை பாக்க முடியலன்னு எழுதிக்குடுத்து வைஸ் பிரசிடென்ட் கிட்ட பொறுப்ப விட்டு, அவர் கையால மன்னிப்பு வாங்கிட்டு மறுபடி வந்து அதே நாற்காலில உக்காந்துக்கலாமாம். முன்வாசல பூட்டிட்டு கொல்லைப்புறத்த திறந்து வச்ச மாதிரி இருக்கு, இத அடைக்கணும்னா சாசனத்தையே திருத்தணும், அது அங்க லேசுல நடக்கற காரியமா?

மாநில குற்றத்துக்கு மட்டும் இந்த மன்னிப்பு எட்டவே எட்டாது. 2024ல நியூயார்க்ல டிரம்ப் மேல 34 குற்றச்சாட்டும் நிரூபணம் ஆச்சே, அத எந்த பிரசிடென்ட்டாலயும் மன்னிக்க முடியாது.

சாசனத்துல தடை எழுதலையே, அப்போ முடியும்னு அடிச்சுப் பேசற ப்ரொஃபசர்களும் அங்க இருக்காங்க. உன் கிளாஸ்ல வில்சன் பதிலுக்கு அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுது.

அப்பா