ஒரு கறுப்புக் கம்பியைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்பும் மதிப்பும் உடையீர்,

வணக்கம். 1968ஆம் ஆண்டு செய்யப்பட்ட என் மினி 1000 காரின் மீட்டர்கள் மீண்டும் உண்மை பேசத் தொடங்கி மூன்று வாரமாகிறது. உங்கள் ஒவ்வொருவருக்கும் நேரில் வந்து நன்றி சொல்வதே முறை. ஆயினும் உங்களில் ஒருவரை மற்றவருக்குத் தெரியாது. அவரவர் சொன்னது எப்படி ஒன்றோடொன்று பொருந்தியது என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஆகவே எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மகளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, சிங்கப்பூரின் காலாங் – பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கத்துக்குள் இறங்கினேன். முகப்பு விளக்கைப் போட்டதும், அரை டாங்க் காட்டிக்கொண்டிருந்த பெட்ரோல் முள் முக்காலைத் தாண்டியது. பெட்ரோல் தானாக ஊறினால் மகிழ்ச்சிதான். ஆனால் அதே நேரத்தில் வெப்ப முள்ளும் மேலேறிச் சிவப்பைத் தொட்டது. மீட்டருக்குள் இருக்கும் விளக்குகளோ அணையப்போகும் அகல்போல மங்கின. ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தில் நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. முருகா முருகா என்று வெளியே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து பார்த்தால் ஆவியும் இல்லை, கருகல் வாடையும் இல்லை. விளக்கை அணைத்ததும் முட்கள் இரண்டும் இறங்கிவிட்டதை என் மகள்தான் கவனித்துச் சொன்னாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காதில் போட்டுக்கொள்ளாததன் விலை இருநூறு வெள்ளிக்கு மேல். இஞ்சின் சூடானதும் குளிர்நீருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், ரேடியேட்டரைக் கழுவினேன், வெப்ப சென்சாரைப் புதிதாக வாங்கிப் பொருத்தினேன். பழங்கார் திட்டத்தில் பதிவான வண்டியை ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அதில் இரண்டு நாளை வெறும் சோதனை ஓட்டத்துக்கே செலவழித்தேன். எதுவும் மாறவில்லை.

முதல் நன்றி, காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு. நான் புலம்பி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, வண்டியை ஓடவிட்டு, விளக்கைப் போடச் சொல்லி, தெர்மோஸ்டாட் மூடியின்மேல் அகச்சிவப்பு வெப்பமானியைப் பிடித்தீர்கள். 84 டிகிரி. அந்தத் தெர்மோஸ்டாட் திறப்பதே 82 டிகிரியில். முள்ளோ சிவப்பில் நின்றது. "தம்பி, இஞ்சின் சூடாகல, மீட்டர்தான் பொய் சொல்லுது. ரெண்டு முள்ளும் சேர்ந்து ஏறுதுன்னா, ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாருங்க" என்றீர்கள். அந்தப் பொதுவான பொருள், ஸ்பீடோமீட்டரின் முதுகில் ஒட்டியிருந்து மீட்டர்களுக்குச் சீரான மின்னழுத்தம் தரும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். உடனே புதிய மின்னணு ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றேன். அதன் உறையிலிருந்த பொடி எழுத்தைப் படித்துவிட்டு, அது எதிர்முனை எர்த் கொண்ட, அதாவது பேட்டரியின் எதிர்முனையை உடலோடு இணைத்த, வண்டிகளுக்கானது, என் வண்டியிலோ நேர்முனைதான் எர்த், மாட்டியிருந்தால் அந்த நொடியே கருகியிருக்கும் என்று நீங்கள் தடுக்காவிட்டால் இந்த மடல் வேறு விதமாக இருந்திருக்கும்.

சிம் லிம் டவரில் மின் உதிரிப்பொருள் விற்கும் அங்கிளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்றாலும் அவரை விட்டுவிட மனமில்லை. மீட்டர் விளக்குகளின் மங்கலுக்கு மருந்தாக நான் வேறொரு கடையில் வாங்கியிருந்த எல்இடி பல்புகளில் ஒன்றுகூட என் வண்டியில் எரியவில்லை. அவர் ஒரு பல்பை எடுத்து மேசைமேல் இருந்த 12 வோல்ட் இணைப்பில் வைத்தார், எரிந்தது. கம்பிகளை மாற்றிப் பிடித்தார், அணைந்தது. "உன் கார் தலைகீழ்" என்று கையாலேயே சைகை காட்டிச் சிரித்தார். பிறகு பழைய மாதிரி 2.2 வாட் திருகு பல்பு நான்கையும், கம்பி நுனியில் மாட்டும் வளைய முனைகள் ஒரு பிடியும் கொடுத்துவிட்டு, சில வெள்ளிதான் வாங்கிக்கொண்டார்.

இனி செம்பவாங் மாமாவுக்கு. கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாங்கள், என்னை அதற்குமுன் ஒருமுறைதான் பார்த்திருந்தீர்கள். அப்படியிருந்தும் உங்கள் வீட்டு முற்றத்தை இரண்டு சனிக்கிழமைகள் எனக்கு ஒழித்துக் கொடுத்தீர்கள். வாங்குவதை நிறுத்து, அளப்பதைத் தொடங்கு என்பதுதான் தங்கள் முதல் கட்டளை. மினியின் பேட்டரி பின்னால் சாமான் அறையில் இருப்பதால், அதன் நேர்முனையிலிருந்து ஒரு நீளக் கம்பியை இருக்கைகளுக்கிடையே முன்னால் இழுத்து வந்து மல்டிமீட்டரில் செருகி, மறுமுனையால் ஸ்பீடோமீட்டரின் உலோகக் கூட்டைத் தொடச் சொன்னீர்கள். இரண்டும் ஒரே எர்த் என்றால் பூச்சியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். விளக்கு அணைந்திருந்தபோது 0.1 வோல்ட், விளக்கைப் போட்டதும் 1.6, ஹை பீமில் அதன் சிறு நீல விளக்கும் சேர்ந்துகொண்டு 1.9.

அந்த 1.6க்குள் எல்லாம் அடங்கியிருந்தது. ஸ்டெபிலைசருக்குள், சூடானால் வளையும் இரட்டை உலோகத் தகடு ஒன்று தொடர்பை விட்டு விட்டு இணைத்து, பேட்டரி ஏறினாலும் இறங்கினாலும் மீட்டர்களுக்குச் சராசரியாக 10 வோல்ட்டைத் தருகிறது. ஆனால் அந்தப் பத்தை அது தன் கூட்டிலிருந்துதான் எண்ணுகிறது. மீட்டர் விளக்குகளின் மின்னோட்டம் கெட்டுப்போன எர்த் வழியே திரும்ப முடியாமல் முட்டி, கூட்டையே எர்த்திலிருந்து 1.6 வோல்ட் விலக்கிவிட்டது. அதனால், வண்டியின் உடலோடு நேரடியாக எர்த் ஆகியிருக்கும் டாங்க் மிதவைக்கும் வெப்ப சென்சாருக்கும் 11.6 போய்ச் சேர்ந்தது. முட்கள் ஏறியதும் விளக்குகள் மங்கியதும் ஒரே நோய் என்று தாங்கள் ஒரு காகிதத்தில் கிறுக்கிக் காட்டியதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதலைக்கவ்வி போட்ட ஒரு கம்பியைக் கூட்டுக்கும் நல்ல எர்த்துக்கும் இடையே மாட்டினீர்கள். முட்கள் மெல்ல இறங்கின, விளக்குகள் பளிச்சென்றன. தேநீர்த் தட்டுடன் வந்த அத்தை, "இதுக்காகவா ரெண்டு வாரம்?" என்று கேட்டார்கள்.

பேட்டரியைக் கழற்றாமல் டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விடாதே, பழுப்புக் கம்பிக்கு ஃபியூஸ் கிடையாது என்று தாங்கள் அதட்டியதையும் மறக்கமாட்டேன்.

கடைசியில் கிடைத்தது, மீட்டர் கூட்டை வண்டியின் உடலோடு எர்த் செய்யும் ஒரே ஒரு கறுப்புக் கம்பி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வண்டிக்கு வண்ணம் பூசக் கொடுத்திருந்தேன். பூசியவர்கள் அந்தக் கம்பி அமர வேண்டிய இடத்தையும் சேர்த்துப் பளபளவென்று பூசி, அதன்மேலேயே கம்பியை முறுக்கித் தந்திருந்தார்கள். வெளித்தோற்றத்துக்காக அவர்களை நானே பலரிடம் புகழ்ந்திருக்கிறேன் என்பதுதான் வேடிக்கை. வளைய முனையில் பச்சைக் களிம்பு வேறு. உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, புது முனை போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினோம். மறுபடி அளந்தபோது 0.03.

டார்ச்சு பிடித்ததோடு நில்லாமல், கம்பிகளுக்கெல்லாம் தமிழில் சீட்டு எழுதி ஒட்டிய மகளுக்கும் நன்றி: வெளிர்பச்சை ஸ்டெபிலைசரிலிருந்து, பச்சை-கறுப்பு டாங்குக்கு, பச்சை-நீலம் வெப்பத்துக்கு, சிவப்பு-வெள்ளை மீட்டர் விளக்குகளுக்கு. முதல் நாளே அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

நான் அவசரப்பட்டு வாங்கிய பொருள்களில், உறை பிரிக்காத மின்னணு ஸ்டெபிலைசரும் எரியாத எல்இடி பல்புகளும் வீட்டில் இருக்கின்றன. நல்ல நிலையில் கழற்றிய பழைய வெப்ப சென்சாரும் உண்டு. எதிர்முனை எர்த் கொண்ட பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எவரேனும் ஈசூன் பக்கம் வந்தால், இலவசமாக எடுத்துச் செல்லலாம். காப்பியும் என் செலவு.

நன்றியுடன்,
ஈசூன்வாழ் மினி உரிமையாளர்