தரச்சான்றுக்கு முன் மாணவரைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஜிட்டல் தொழில்நுட்பத்தை நன்கு பயன்படுத்தும் பள்ளிகளுக்குத் தரச்சான்று வழங்கும் முறை பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. அந்தச் சான்று எதை அளக்க வேண்டும் என்பது குறித்து, நெடுங்காலம் ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையிலும், ஒருமுறை அதற்கான விண்ணப்பத்தைத் தயாரித்த குழுவில் இடம்பெற்றவள் என்ற முறையிலும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் பணியாற்றிய பள்ளியில் விண்ணப்பிப்பதென்று முடிவானதும் முதலில் தொடங்கியது கணக்கெடுப்புதான். எத்தனை கணினிகள், எத்தனை புரொஜெக்டர்கள், எந்தெந்த வகுப்பில் ஸ்மார்ட் போர்டு உள்ளது, இணையத்தின் வேகம் என்ன என்று மூன்று வாரங்கள் எழுதி, படங்களையும் ரசீதுகளையும் இணைத்துத் தடித்த கோப்பு ஒன்றை உருவாக்கினோம். மதிப்பீட்டாளர் வந்த நாளில் அதைச் சிறிது நேரமே புரட்டினார். பிறகு ஏழாம் வகுப்புக்குள் சென்று, முன்வரிசையில் இருந்த ஒரு மாணவியிடம், சென்ற வாரம் டேப்லெட்டில் செய்த வேலை ஏதேனும் இருந்தால் காட்டும்படி கேட்டார். அந்தப் பெண் கருவியை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதைத் திறக்கும் கடவுச்சொல் அவளுக்குத் தெரியாது; எல்லாக் கருவிகளின் கடவுச்சொற்களும் ஒரே தாளில் எழுதப்பட்டு அலுவலக அறை அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. திரையோடு ஒட்டி வந்த பிளாஸ்டிக் உறைகூட உரிக்கப்படாமல் இருந்தது. எங்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. அன்று மிகவும் வருந்தினேன். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது.

இத்துறையில் முன்னோடியான திட்டங்கள் எல்லாம் சுயமதிப்பீட்டிலிருந்தே தொடங்குகின்றன. பிரிட்டனில் பெக்டா என்ற அரசு அமைப்பு 2006இல் பள்ளிகளுக்கான சுயமதிப்பீட்டுச் சட்டகத்தை வெளியிட்டது. அதில் தேறும் பள்ளிகளுக்கு ஐசிடி மார்க் (ஐசிடி என்பது தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) என்ற சான்று வழங்கப்பட்டது. 2011இல் பெக்டா மூடப்பட்ட பிறகும், கல்வித் தொழில்நுட்பத் துறையினரின் சங்கமான நேஸ் அப்பணியைத் தொடர்ந்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழங்கப்படும் டிஜிட்டல் பள்ளி விருதுக்குப் பள்ளி முதலில் பதிவு செய்து, தன்னைத் தானே மதிப்பிட்டு, பின்னரே சரிபார்ப்புக்கு வெளியாரை அழைக்கிறது. ஐரோப்பிய ஆணையம் 2018 அக்டோபரில் வெளியிட்ட செல்ஃபி என்ற, பள்ளிகள் தம்மைத் தாமே மதிப்பிட உதவும் இலவச இணையவழி வினாத்தாள் கருவி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தலைமையாசிரியர், ஆசிரியர், மாணவர் ஆகிய மூன்று தரப்பினரும் பெயர் குறிப்பிடாமல் தனித்தனியாக விடையளிக்கிறார்கள். முடிவு அந்தப் பள்ளிக்கே உரியது. பள்ளிகளைத் தரவரிசைப்படுத்த அது உருவாக்கப்படவில்லை. அது தரச்சான்று ஆகாது என்பது உண்மைதான். ஆயினும், சான்றுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் எந்தப் பள்ளியும் இத்தகைய மும்முனை விசாரிப்பிலிருந்து தொடங்குவதே நேர்மையான வழி என்பது என் உறுதியான கருத்து.

ஏனெனில், விடைகள் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கேதான் பள்ளி செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. “மாணவர்களின் வேலைகளுக்கு இணையவழியில் கருத்துரை தருகிறோம்” என்று ஆசிரியர்கள் எழுத, “எங்களுக்கு மதிப்பெண் மட்டுமே வருகிறது” என்று மாணவர்கள் எழுதினால், புதிய கருவி வாங்குவதற்கு முன் அந்த இடைவெளியைப் பற்றித்தான் ஆசிரியர் கூட்டத்தில் பேச வேண்டும். பேசியது, அதன்பின் மாற்றியது, மாற்றத்தால் விளைந்தது ஆகிய மூன்றையும் தேதியுடன் பதிவு செய்து வந்தாலே விண்ணப்பத்தின் பெரும்பகுதி தயாராகிவிடும்.

எது சான்றாதாரம் என்பதிலும் பல பள்ளிகள் தடுமாறுகின்றன. கணினி ஆய்வகத்தின் புகைப்படம், அங்கே ஓர் அறை இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். ஒரு மாணவரின் கட்டுரை முதல் வரைவிலிருந்து இறுதி வடிவம் வரை எப்படித் திருந்தியது, இடையில் ஆசிரியர் என்ன குறிப்பு எழுதினார் என்பதைக் காட்டும் கோப்பு கற்றலையே காட்டிவிடும். என்னுடன் பணியாற்றிய அறிவியல் ஆசிரியை ஒருவர், பயறு முளைவிடுவதை ஒரே கைப்பேசியில், ஒரே இடத்திலிருந்து, பன்னிரண்டு நாட்கள் மாணவர்களைப் படம் எடுக்க வைத்தார். ஒவ்வொரு நாளும் முளையின் நீளத்தை அளந்து விரிதாளில் இட்டு வரைபடம் ஆக்கினார்கள். கோடு மூன்றாம் நாளில் ஏன் தட்டையாக நிற்கிறது என்று ஒரு சிறுவன் கேட்க, அன்று தண்ணீர் ஊற்ற மறந்ததை இன்னொருவன் ஒப்புக்கொண்டான். வகுப்பு முழுவதற்கும் இருந்தது ஒரே ஒரு கருவிதான். எங்கள் தடித்த கோப்பில் இந்தப் பாடம் இடம்பெறவேயில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தலாக உள்ளது.

இணையப் பாதுகாப்பைத் தனியாகவே மதிப்பிட வேண்டும். பிரிட்டனில் 2009 முதல் இயங்கும் 360 டிகிரி சேஃப் திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. தகாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாமல், தொல்லைக்கு உள்ளான குழந்தை யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியுமா என்றும் கேட்க வேண்டும்.

ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களும் பள்ளிகளுக்குச் சிறப்பு அங்கீகாரம் வழங்குகின்றன. அவற்றில் நல்ல பயிற்சி கிடைக்கலாம். ஆயினும், குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருள்களோடு பிணைந்த அங்கீகாரத்தையும் சார்பற்ற தரச்சான்றையும் பெற்றோர் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. கல்வித் தொழில்நுட்பத்தின் பயன் குறித்து நடுநிலையான, தரமான ஆதாரங்கள் குறைவாகவே உள்ளன என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை எச்சரித்திருப்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

சான்று வழங்கும் அமைப்புகளிடம் நான் வேண்டுவது இவ்வளவே. கருவிகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் தராதீர்கள். தந்தால், பணமுள்ள பள்ளியே வெல்லும். வருகையின்போது எந்த வகுப்புக்குச் செல்வது, எந்த மாணவரிடம் பேசுவது என்பதை மதிப்பீட்டாளரே முடிவு செய்யட்டும். கருவிகளும் ஆசிரியர்களும் மாறிக்கொண்டே இருப்பதால், சான்று சில ஆண்டுகளில் காலாவதியாகி மறு ஆய்வுக்கு வர வேண்டும். மதிப்பீட்டாளர் எழுதும் அறிக்கை, குறைகள் உட்பட, பெற்றோர் படிக்கும்படி சான்றிதழுக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்