கூண்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள்: மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கள அலுவலர்களுக்கு, வணக்கம்.

நாமக்கல் வட்டார முட்டைக்கோழிப் பண்ணைகளைப் பற்றி ஈ, நாற்றம், கிணற்று நீர் என்று புகார் வருகிறது. ஆய்வுக்கு வரும்போது கோப்புகளை அப்புறம் பார்க்கலாம். முதலில் கூண்டுக்கு அடியில் குனிந்து, ஒரு பிடி எருவை அள்ளிப் பிழியுங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் அத்தனை புகாருக்கும் காரணம் கையிலேயே இருக்கிறது.

ஒரு கோழி நாளைக்குச் சுமார் 100 கிராம் எச்சமிடும். லட்சம் கோழிக்கு 10 டன். அதில் முக்கால் பங்கு நீர்தான். காற்றோட்டம் இருந்தால் தானே உலரும். உலரவிடாமல் கெடுப்பது பெரும்பாலும் நிப்பிள் (கோழி கொத்திக் குடிக்கும் குழாய்முனை) ஒழுகல். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே நாளுக்கு 4 லிட்டருக்கு மேல் எருவில் இறங்கும். ஒரு கோழி நாளெல்லாம் குடிப்பதே கால் லிட்டர்தான்! தீவனத்தில் உப்பு கூடினாலும் எச்சம் இளகிப்போகும்.

ஈர எருவில் ஈ முட்டையிட்டால், வெயில் காலத்தில் பத்தே நாளில் புது ஈக்கள் பறக்கும். உடனே மருந்தடிக்கிறார்கள். அது ஈப்புழுவைத் தின்னும் வண்டையும் சிலந்திப்பேனையும் சேர்த்தே கொல்கிறது. ஈயோ மருந்துக்குப் பழகிவிடுகிறது. எருவைத் தரைவரை சுரண்டி அள்ளுவதும் தவறு. அடியில் அரையடி உலர்ந்த எருவை விட்டுவைத்தால் புது ஈரத்தை அது உறிஞ்சும், அந்த வண்டுகளும் பிழைக்கும். நாற்றம் போகச் சுண்ணாம்பு தூவுவது இன்னொரு தவறு: எருவில் காரத்தன்மை ஏறினால் நாற்றத்துக்குக் காரணமான அம்மோனியா வாயு இன்னும் அதிகமாக வெளியேறும். சூப்பர் பாஸ்பேட் உரம் தூவினால் அம்மோனியா எருவிலேயே தங்கும். கொட்டகைக்குள் அம்மோனியா 25 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு) தாண்டினால் கோழியின் மூச்சுக்குழலும் கெடும், அங்கே வேலை செய்பவரின் கண்ணும் நெஞ்சும் எரியும்.

கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்றும் உண்டு. வேறெதுவும் கேட்காதபோது மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கான கோலிஸ்டினைக் கோழிக்கும் தீவனத்துக்கும் விற்க 2019லேயே நடுவண் அரசு தடை விதித்தது. மற்ற ஆன்டிபயாட்டிக்குகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு அடங்காத கிருமிகள் பச்சை எருவோடு வயலுக்குப் போகின்றன. ஆகவே எருவை மட்கவைக்காமல் லாரியில் ஏற்ற விடாதீர்கள். தென்னை நார்க்கழிவு கலந்து, ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 25 முதல் 30 பங்கு கரிமம் இருக்குமாறு வைத்து, குவியலின் நடுவே 55 டிகிரி சூடு குறைந்தது மூன்று நாள் நிற்க வேண்டும். பிறகு புரட்டி, வெளிப்புற எருவும் அதே சூட்டைக் காணச் செய்ய வேண்டும். அதைக் காட்ட ஒரு நீள்கம்பி வெப்பமானி போதும்.

பண்ணை நடத்த நீங்கள் தரும் இசைவாணையின் நிபந்தனையில் மூன்றைச் சேருங்கள்: வாரம் ஒருமுறை நிப்பிள் சோதனை, மட்கு வெப்பப் பதிவேடு, பண்ணையைச் சுற்றியுள்ள கிணறுகளில் எருவிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும் நைட்ரேட்டின் அளவை ஆண்டுக்கு இருமுறை சோதித்தல். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் தண்ணீரே நஞ்சாகும்.

ஐப்பசி மழைக்கு முன்பே ஒரு சுற்று வாருங்கள். கூரையில்லாமல் குவித்த எரு முதல் மழையிலேயே கரைந்து வாய்க்காலில் இறங்கிவிடும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்களும் விவசாயிகளும்