செயலாளரின் ஆண்டறிக்கை: மாணவர் தலைமைத்துவப் பயிற்சி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழக மாணவர்களுக்கு நம் சங்கம் நடத்தும் தலைமைத்துவ, ஆளுமை வளர்ச்சிப் பயிற்சியில் இவ்வாண்டு சொற்பொழிவுகளைக் குறைத்து, மாணவர் கையிலேயே வேலையை ஒப்படைத்தோம். 90 நிமிட வகுப்பில் அறிமுகத்துக்கு 10 நிமிடம், குழுச்செயலுக்கு 30, மீதி முழுவதும், நடந்ததைத் திரும்பிப் பார்த்துப் பேசும் மீள்பார்வைக்கு. இந்தப் பங்கீடு பலருக்கு வியப்பளித்தது. அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்தல், கருத்தாக்குதல், மீண்டும் முயலுதல் என்று அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984இல் விளக்கிய கற்றல் சுழற்சியில், செயல் முதற்படி மட்டுமே. புதிய பயிற்றுநர்கள் செயலை நீளவிட்டு மீள்பார்வையைச் சுருக்கிவிடுகிறார்கள். மாணவர் மனத்தில் விளையாட்டு மட்டும் நிற்கிறது. ஆகவே மணி அடித்ததும், வேலை பாதியில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். முடியாத வேலையைப் பற்றித்தான் பேச நிறைய இருக்கும்.

குழுவுக்கு ஐந்து பேர் போதும். கயிறு இழுக்கும் ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் செலுத்தும் விசை குறைவதை பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் 1913இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். எட்டுப் பேர் குழுவில் இரண்டு மூன்று பேர் ஒதுங்கிவிடுவதும் இதைப் போன்றதே. தலைவர், நேரக்காப்பாளர், குறிப்பெழுதுபவர், பொருள் பொறுப்பாளர், நோக்குநர் ஆகிய ஐந்து பொறுப்புகளும் வகுப்புதோறும் கைமாற வேண்டும். நோக்குநர் வேலையிலும் பேச்சிலும் கலந்துகொள்ளாமல், கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுவார்: முதலில் பேசியவர் யார், யார் சொன்ன யோசனை கவனிக்கப்படாமல் போனது, முடிவை எடுத்தது யார். அதிகம் பேசும் மாணவருக்கே முதலில் இப்பொறுப்பைத் தருவது நல்லது. அரை மணி நேரம் வாய் திறக்காமல் பிறரைக் கேட்பது அவருக்குப் பெரும் பயிற்சி.

கருத்துரை வழங்கும்போது சூழல், நடத்தை, விளைவு மூன்றையும் சொல்லப் பழக்குகிறோம். "நீ சரியாக வழிநடத்தவில்லை" என்பதால் பயனில்லை. "வேலையைப் பிரித்தபோது இருவரிடம் மட்டும் கேட்டாய், மற்றவர்கள் அதன்பின் பேசவே இல்லை" என்றால் திருத்திக்கொள்ள வழி தெரிகிறது. கேட்பவர் அந்த இடத்தில் வாதாடக் கூடாது.

குழுக்களுக்குள் சச்சரவு எழுந்தால் பயிற்றுநர்கள் பதறத் தேவையில்லை. குழு உருவானபின் மோதலும், அதன்பின் ஒழுங்கும் வருவதை அமெரிக்க உளவியலாளர் டக்மன் 1965இலேயே குழு வளர்ச்சியின் படிநிலைகளாக விளக்கிவிட்டார். ஆளைத் தாக்கும் பேச்சுக்கு மட்டும் உடனே தடை போட வேண்டும். மற்றதை மாணவர்களே பேசித் தீர்க்கட்டும். நாம் தீர்த்துவைத்தால், அடுத்த சச்சரவுக்கும் நம்மிடமே வருவார்கள்.

மேடைப்பேச்சுக்கு இரண்டு நிமிடம். முழு உரையையும் மனப்பாடம் செய்பவர் ஒரு வரி மறந்தால் அங்கேயே நின்றுபோகிறார். அட்டையில் மூன்று சொற்கள் போதும்.

தனிப்பட்ட இலக்குகளில் "நேரத்தை வீணாக்க மாட்டேன்" போன்ற உறுதிமொழிகளை ஏற்பதில்லை. "இரவு உணவு முடிந்ததும் மேசையில் அமர்ந்து 20 நிமிடம் ஆய்வறிக்கை எழுதுவேன்" என, எப்போது, எங்கே, என்ன என்பது தெரிய வேண்டும். இத்தகைய திட்டங்கள் இலக்கை எட்ட உதவுவதை உளவியலாளர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

நிறைவுப்பணியாக ஒவ்வொரு குழுவும் ஒரு சிறு நிகழ்ச்சியை முழுப் பொறுப்பேற்று நடத்த வேண்டும். பொறுப்பை ஒப்படைக்கும் இடத்தில்தான் இது பெரும்பாலும் சறுக்குகிறது. "நீ பார்த்துக்கொள்" என்றால் யாரும் பார்ப்பதில்லை. பொறுப்பேற்பவர் பெயர், முடிக்கும் நாள், தாமே முடிவெடுக்கக்கூடிய செலவு வரம்பு, இடையில் நிலவரம் சொல்லும் நாள் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுக்க வேண்டும். சுணக்கம் இடையிலேயே தெரிந்தால் ஆள் சேர்க்க நேரமிருக்கும். கடைசி நாளில் தெரிந்தால் குழுத்தலைவரே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்வார், மற்றவர்கள் எதையும் கற்க மாட்டார்கள்.

வரும் ஆண்டில் வகுப்புக்கு இரண்டு பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்றும், தேர்வு வாரங்களில் வகுப்பு வைக்கக் கூடாது என்றும் பரிந்துரைக்கிறேன். பயிற்சி முடித்தவர்களை அடுத்த அணிக்கு நோக்குநர்களாக அழைக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார்.

செயலாளர்