நாலரை மணிக்கு மேல் யார் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமைகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அடி, சூடு, பாலியல் தொல்லை எல்லாம் இருந்தது. கேட்பாரில்லாமல் கிடக்கும் பிள்ளை ஒரே வரியில் முடிந்துவிட்டது. கோத்தகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் கண்ணில் அதிகம் பட்டது அந்தப் பிள்ளைதான்.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண் தினமும் லேட்டாக வருவாள். நானே அவளை வெளியில் நிற்க வைத்திருக்கிறேன். ஒருநாள் பார்த்தால் புறங்கையில் கொப்புளம். அம்மா ஏழு மணிக்கே தேயிலை பறிக்க ஜீப் ஏறிவிடுவார். அப்பா போதை தெளிந்து எழப் பத்தாகும். விறகடுப்பில் கஞ்சி வைத்து, இரண்டாவது படிக்கும் தம்பியைக் கிளப்பிக் கூட்டி வருவது இவள். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால் இவளுக்குக் கிடையாது. லேட்டானால் தம்பிக்கும் போச்சு.

"குடும்ப விஷயம், நமக்கெதுக்கு டீச்சர்" என்றார் உடன் வேலை பார்த்தவர். நானும் விட்டுவிட்டேன். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் செய்திருக்கலாம். சொல்பவர் யார் என்பதை வெளியே விடமாட்டார்கள். ஆனால் பிள்ளையைக் கவனிக்காமல் விடுவதற்கு 2015-ன் இளைஞர் நீதிச் சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறை என்று படித்திருந்தேன். ஓடியாடி உழைக்கும் அந்தத் தாயைப் பிடித்துவிடுவார்களோ என்று பயம். குடும்பத்துக்கு என்ன உதவி வேண்டும் என்று பார்ப்பதும், இப்படிப்பட்ட புகார் போய்ச் சேரும் குழந்தைகள் நலக் குழுவின் வேலைதான் என்பது பிறகுதான் புரிந்தது. பாலியல் குற்றம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் அதுவே குற்றம். அந்தப் பயத்திலாவது பள்ளிகள் வாய் திறக்கின்றன. பட்டினிக்கு யார் பயப்படுகிறார்கள்?

ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் பிள்ளைக் காம்பரா என்பார்கள். இப்போது பாதிப் பேர் இரண்டு மூன்று ஏக்கர் சிறு தோட்டங்களில் பறிக்கிறார்கள், அங்கே ஏது காம்பரா? பெரிய எஸ்டேட்டிலும் ஆறு வயதானால் கதை முடிந்தது. நாலரைக்குப் பள்ளி மூடிவிடும். இலை எடை போட்டு அம்மா வீடு வர ஆறரை. மார்கழியில் அதற்குள் இருட்டி, கரடி நடமாட ஆரம்பித்துவிடும்.

காலி மதுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற திட்டம் 2022-ல் நீலகிரியில்தான் தொடங்கியது. காட்டுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் சாயங்காலம் சாலையோரப் புதரில் சீருடையோடு பாட்டில் தேடும் பிள்ளைகளையும் பார்க்கிறேன்.

கொரோனாவுக்குப் பிறகு வந்த இல்லம் தேடிக் கல்வியில், உள்ளூர்ப் பெண்கள் மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள். எங்கள் ஊரில் அது நடந்த மாதங்களில் ரோட்டில் இத்தனை பிள்ளைகள் இல்லை. அப்படி ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, பள்ளியில் ஓர் அறையை ஆறரை வரை திறந்து வைத்து, கொஞ்சம் சுண்டலும் கொடுக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். சாவி யாரிடம் இருப்பது என்று தகராறு வரும், தெரியும். நான் வைத்துக்கொள்கிறேன், என் வீடு பள்ளிக்குப் பக்கத்தில்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோத்தகிரி