நான்கு உலகம் என்றால் நான்கு மாடி இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் யூதர்களின் மறைஞான மரபான கபாலா பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன், இதையெல்லாம் தமிழில் எழுத ஆள் இருக்கிறார்களே என்று சந்தோஷம்தான். ஆனால் கூடவே போட்டிருந்த படம் உறுத்திவிட்டது. அட்ஸிலூத், பெரியா, யெட்ஸிரா, அசியா என்ற நான்கு உலகங்களையும் அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி வரைந்து, மொட்டைமாடியில் கடவுளையும் தரைத்தளத்தில் நம்மையும் வைத்திருக்கிறீர்கள். லிஃப்ட் ஒன்றுதான் பாக்கி.

இவை இடங்களே இல்லை. எபிரேயத்தில் உலகத்துக்கு 'ஓலாம்', மறைவுக்கு 'ஹெஎலெம்', இரண்டையும் ஒரே வேர்ச்சொல்லாகத்தான் கபாலாக்காரர்கள் படிப்பார்கள். கடவுளின் ஒளி எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதுதான் உலகத்துக்கு உலகம் உள்ள வித்தியாசம். அட்ஸிலூத்தில் 'நான் வேறு' என்று சொல்ல ஆளே கிடையாது. பெரியாவில்தான் அந்தப் பேச்சே தொடங்குகிறது, யெட்ஸிராவில் அதற்கு உருவம் வருகிறது, அசியாவில், அதாவது நம் பக்கத்தில், ஒளி என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகப்படும் அளவுக்கு மூடிக்கிடக்கிறது. பின்மூன்று பெயர்களுக்கும் பைபிளில் ஏசாயா 43:7-ஐ ஆதாரம் காட்டுவார்கள், அங்கே படைத்தேன், உருவாக்கினேன், செய்தேன் என்று மூன்று வினைகள் வரிசையாக வரும்.

அப்புறம், இந்த நான்கையும் கபாலாவின் பெரிய குருக்களில் ஒருவரான ஐசக் லூரியா 'எழுதினார்' என்றிருந்தது. அவர் 1570-இல் கலிலேயாவிலுள்ள ஸஃபெத் ஊருக்கு வந்தார், 1572-இல் கொள்ளைநோயில் இறந்துபோனார், அந்த இரண்டு வருடமும் பெரும்பாலும் வாயால் சொன்னதுதான். உட்கார்ந்து எழுதியவர் சீடர் ஹயீம் விட்டால். நான்கு உலகக் கணக்கு லூரியாவுக்கும் முந்தியது.

படத்துக்கு வருகிறேன், மாடிகளுக்குப் பதில் வரைய வேறொன்று இருக்கிறது. எபிரேய நாட்காட்டியில் ஷெவாத் மாதம் 15-ஆம் நாள் யூதர்களுக்கு மரங்களின் புத்தாண்டு. அன்று பழம் சாப்பிடும் முறையைச் சொல்லும் சிறு நூல் ஒன்று 1728-இல் வெனிஸில் அச்சானது. அதில் பழங்களையே உலகவாரியாகப் பிரித்திருக்கிறார்கள்: அத்தி, திராட்சை மாதிரி முழுசாகச் சாப்பிடுவது பெரியா; பேரீச்சை, ஆலிவ் மாதிரி உள்ளே கொட்டை இருப்பது யெட்ஸிரா; மாதுளை, பாதாம், அக்ரூட் மாதிரி தோலோ ஓடோ உடைத்துத் தின்பது அசியா. தோலுக்கும் ஓட்டுக்கும் 'கெலிப்பா' என்று பெயர், தீமைக்கும் கபாலாவில் அதே சொல்தான்! கூடவே நான்கு கோப்பை ஒயின், முதல் கோப்பை வெள்ளை, போகப்போகச் சிவப்பு கலந்துகொண்டே வரும். அட்ஸிலூத்துக்கு மட்டும் பழம் கிடையாது, ஓடும் இல்லை கொட்டையும் இல்லை, எதைத்தான் வைப்பது?

தொடர் இன்னும் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு, ஒரே தட்டில் ஓர் அத்தி, ஒரு பேரீச்சை, ஓர் அக்ரூட் வைத்து, ஓரமாகக் கொஞ்சம் வெற்றிடம் விட்டு வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்