டயரில் இருக்கும் நான்கு எண்கள்

அன்பு மகளே,

நீ பழைய போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய செய்தி உன் போனுக்கு முன்பே எனக்கு வந்துவிட்டது. நீ காரோடு நின்று இணையத்தில் போட்ட படத்தை உன் அத்தை மகன் அனுப்பினான். படத்துக்குக் கீழே விழுந்திருந்த வசவுகளையும் விட்டுவிடாமல் அனுப்பினான், பொறுப்பான பிள்ளை.

"வாடகைக் கார்", "யார் காரிலோ சாய்ந்து நிற்கிறாள்", "அப்பன் காசு". கடைசியைப் படித்துச் சிரித்துவிட்டேன். இந்த அப்பன் காசுக்கு அந்தக் காரின் நான்கு டயர் வரும். ஸ்டெப்னிக்குக் கடன்தான் வாங்க வேண்டும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அன்றிரவு நானும் கணக்குப் போட்டேன். சம்பளம் இவ்வளவு, வேலை பார்த்த ஆண்டுகள் இத்தனை, நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது உன் கையில் இருந்த பங்குகள் இவ்வளவு என்று காகிதத்தில் எழுதிக் கூட்டினேன். பெற்றவனே கூட்டிப் பார்க்கும்போது முகம் தெரியாதவர்களை என்ன சொல்வது? வாடகைக் காரில் சாய்ந்து நின்று, பணக்காரர் ஆகும் வழியை வகுப்பாக விற்பவர்களை அவர்கள் போதுமான அளவு பார்த்திருக்கிறார்கள். எனக்கும் பழைய பயம் ஒன்று உண்டு. 2000 மார்ச்சில் 5,000-ஐத் தாண்டிய, தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த அமெரிக்கப் பங்குக் குறியீடான நாஸ்டாக், 2002 அக்டோபரில் 1,100 அளவுக்கு இறங்கியது. காகிதத்தில் மட்டும் இருந்த செல்வம் எத்தனை வேகமாகக் கரையும் என்று அப்போது பார்த்தேன். பங்கை விற்று கார் வாங்கினாயா, பங்கை அடகு வைத்து வாங்கினாயா? போனில் கேட்க வாய் வரவில்லை. எழுதிவிட்டேன்.

அவர்களுக்குப் பதிலாக உன் பங்குக் கணக்கின் படத்தைப் போட்டாயே, அதை இன்றே நீக்கிவிடு. சம்பளச் சீட்டைக் காட்டினால் வரி கட்டினாயா என்பார்கள். வரி ரசீதைக் காட்டினால் போலி என்பார்கள். அந்தக் கிணற்றுக்கு அடியே கிடையாது.

ஒரு கருத்தை மட்டும் மூன்று முறை படித்தேன். என்ஜினை ஓடவிட்டு நீ ஆயில் அளவு பார்க்கும் படத்துக்கு ஒருவர், "என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றுகூடத் தெரியாதவள்" என்று எழுதியிருந்தார். பாவம். 1998-இல் உற்பத்தி நின்ற, காற்றால் குளிரும் அந்த போர்ஷே 911-இல் ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. சமதரையில், என்ஜின் நன்றாகச் சூடேறி, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் குறைவாகத் தெரியும். தெரியாதவர் மேலும் ஊற்றிக் கெடுப்பார். எட்டு வயதில் எனக்கு டார்ச் பிடித்தபடி, "இது எதுக்குப்பா, அது எதுக்குப்பா" என்று கேட்டவள், யாரும் சொல்லித்தராமல் இதைத் தெரிந்துவைத்திருக்கிறாய். நீ படம் எடுக்க வாங்கிய கார் இல்லை இது. எனக்கு அது போதும்.

புதுப் பணத்தில் கார் வாங்கிய இன்னொருவர் கதையும் கேள். 1999-இல் முதல் நிறுவனத்தை விற்ற எலான் மஸ்க், மொத்தமே 106 செய்யப்பட்ட மெக்லாரன் எஃப்1 கார்களில் ஒன்றை வாங்கினார். கார் வந்து இறங்கியதை சிஎன்என் படம் பிடித்தது. மறு ஆண்டு, தொழில் கூட்டாளி பீட்டர் தீலைப் பக்கத்தில் உட்காரவைத்து வேகத்தைக் காட்டப்போய் இடித்து நொறுக்கினார். இருவரும் பிழைத்தார்கள். காருக்குக் காப்பீடு இல்லை! வேகத்தைக்கூட வயசுக் கோளாறு என்று மன்னிப்பேன், காப்பீடு எடுக்காததை என்னால் மன்னிக்க முடியவில்லை. உன்னுடையதை எடுத்துவிட்டாயா?

911-க்கு என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் காரின் வால் சுழன்று முன்னால் வரப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்.

குறைவாக ஓடிய கார் என்று பெருமையாகச் சொன்னாய். ஓடாத காரின் டயர் தேயாது, ஆனால் கிழடாகும். டயரின் பக்கச் சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பார். முதல் இரண்டு எண்கள் டயர் தயாரான வாரத்தைச் சொல்லும், அடுத்த இரண்டு எண்கள் ஆண்டைச் சொல்லும். சில டயர்களில் அது உள்பக்கம் மட்டும் இருக்கும், குனிந்துதான் பார்க்க வேண்டும். நான்கு டயரின் எண்களையும் எழுதி அனுப்பு. எனக்கு மட்டும்.

அப்பா